வாட்டம்

கொத்தனார்கள் வழங்கும் சொற்களுள் ‘வாட்டம்’ என்பது ஒன்று. நீர் தேங்காது வடிந்தோடும்பொருட்டுத் தரையிலோ குழாயிலோ வைக்கும் சரிவை அவர்கள் அவ்வாறு சொல்வர். முகவாட்டம், பயிர்வாட்டம் என்றே படித்துப் பழகிய நம் மாணவர்களுக்கு இப்பொருள் புதிதாக இருக்கலாம். எனக்கு இது இளமையிலேயே காதில் விழுந்த சொல். ஆயினும் நெடுங்காலம் கேட்க விரும்பாதிருந்த சொல்.

கேமரன் மலையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மழையில் எங்கள் பள்ளியின் மலத்தொட்டி பொங்கிற்று. ஆசிரியப் பயிற்சியில் யாப்பும் குழந்தை உளவியலும் கற்பித்தார்கள். மலத்தொட்டியைப் பற்றி எவரும் கற்பிக்கவில்லை. ஒரு தலைமையாசிரியனின் காலத்தில் பாதியை இத்தகைய காரியங்களே தின்றுவிடுகின்றன என்பதை ஆசிரிய நண்பர்கள் அறிவார்கள். இரண்டு முறை ஆளழைத்து உறிஞ்சி எடுத்தும் பயனில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் நாற்றம்.

அந்தத் தீபாவளிக்கு என் பழைய மாணவன் ஒருவன் சிங்கப்பூரிலிருந்து வீடு வந்திருந்தான். கொழுந்து பறித்தே அவனைப் படிக்கவைத்தவள் அவன் தாய். பலகாரத் தட்டோடு என்னைக் காணவந்தவன், நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்துக்கே வந்துவிட்டான். நீர் நிரப்பிய நெகிழிக்குழாய் ஒன்றைக் கொண்டுவரச் செய்து, இரு முனைகளிலும் நீர்மட்டம் பார்த்து, கால்மணி நேரத்தில் சொன்னான்: “தொட்டியில் குற்றமில்லை, சார். குழாய் நடுவழியில் மேடேறி நிற்கிறது. வாட்டம் இல்லை.”

இவன் இதை எங்கே கற்றான் என்று வியந்தேன். தொடருந்துச் சுரங்கம் தோண்டும் வேலையில் இருப்பதாகவே அவன் தாய் லயமெங்கும் சொல்லியிருந்தாள். அவன் சற்றுத் தயங்கிப் பிறகு சிரித்தான். “இரயில் இல்லை, சார். சாக்கடை. அம்மாவுக்குத் தெரியாது.”

அன்று மாலைவரை அவன் சொல்ல நான் கேட்டிருந்தேன். சிங்கப்பூரின் ஆழ்சுரங்கக் கழிவுநீர்த் திட்டத்தின் முதற்கட்டம் 2008-இல் முடிந்தது. வடமேற்கே கிராஞ்சியிலிருந்து கிழக்கே சாங்கிவரை 48 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அது. தரைக்குக் கீழே 20 மீட்டர் முதல் 55 மீட்டர்வரை ஆழத்தில் செல்கிறது. வழியெல்லாம் தள்ளிவிட இயந்திரம் கிடையாது. தொடக்கத்தில் மேலாகவும் முடிவில் ஆழமாகவும் அமைத்திருப்பதால் அதில் சேரும் கழிவு முழுவதும் தன் எடையாலேயே ஓடிச்சென்று சாங்கி நிலையத்தை அடைகிறது. அங்கேதான் பம்புகள் அதனை மேலே ஏற்றுகின்றன. நகரில் ஆங்காங்கே நின்ற பம்பு நிலையங்கள் பல இதனால் வேண்டாதனவாயின. அவன் சேர்ந்தது மேற்குப் பகுதிக்கான இரண்டாம் கட்டத்தில். 2017-இல் பணி தொடங்கி, 2023-இல் துளைக்கும் வேலை நிறைவெய்தியது.

நான் ஒன்று கேட்டேன்: “மண்ணைத் தோண்டுவதற்கு இத்தனை படிப்பு எதற்கு?” தோண்டுவது கடைசி வேலை என்றான். முதலில் வழிநெடுக மண்ணைத் துளைத்து எடுத்துப் பார்க்கவேண்டும். எங்கே பாறை, எங்கே கடற்களிமண், எந்தக் கட்டடத்தின் அடித்தூண் எதுவரை இறங்கியிருக்கிறது, இரயில் சுரங்கம் எந்த ஆழத்தில் குறுக்கிடுகிறது என்றெல்லாம் கணக்கெடுக்கவேண்டும். துளைக்கும் இயந்திரத்தைக் கடையில் வாங்க இயலாது; அந்த மண்ணுக்கென்றே சொல்லிச் செய்விக்கவேண்டும். அது வந்து சேருமுன் அதனை இறக்கும் கிணறு தயாராயிருக்கவேண்டும். அது ஓரடி நகர்ந்தால் பின்னாலேயே வளையம் பொருத்தக் கற்காரைத் துண்டுகள் வார்த்து உலர்ந்து காத்திருக்கவேண்டும். ஒன்று பிந்தினால் எல்லாம் நிற்கும். இத்தனைக்கும் இடையில், நகரத்து மக்களை ஒருநாள்கூடக் கழிவறைக்குப் போகாதீர்கள் என்று சொல்லமுடியாது. பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதைக் கட்டிமுடித்து, ஒவ்வொரு கிளையாகத் திருப்பிவிடவேண்டும்.

வாட்டத்தைப் பற்றியும் சொன்னான். சரிவு குறைந்தால் திண்மப்பொருள் அடியில் தங்கிவிடும். நொடிக்கு முக்கால் மீட்டர் அளவாவது நீர் ஓடினால்தான் குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். தங்கியது அழுகினால் எழும் நச்சுக்காற்று, நுண்ணுயிர்களால் அமிலமாக மாறிச் சுரங்கத்தின் கூரையை அரிக்கும். மனிதனைக் கொல்லவும் செய்யும். அதன் கொடுமை என்னவெனில், செறிவு மிகும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமற் போவதுதான். இந்தியாவில் கையால் மலமள்ளும் தொழிலை 1993-லும் 2013-லும் சட்டமியற்றித் தடைசெய்த பின்னும் சாக்கடைக் குழியில் இறங்கி மாண்டவர்களின் செய்தி வந்துகொண்டேயிருப்பதை நாளிதழில் படிக்கிறோம். அவர்களுள் பலர் தமிழர்.

அவன் போனபின் எனக்கு உறக்கம் வரவில்லை. என் தந்தையார் தோட்டத்தில் வாளி எடுத்தவர்.

எழுபதுகளில் எங்கள் தோட்டத்து லயங்களில் வாளிக் கழிப்பறைகளே இருந்தன. விடியற்காலைப் பெரட்டுக்கு முன்பே அப்பா வேலையை முடித்துவிடுவார். வாளிகளைக் காவடித்தண்டில் தூக்கி, மலைச்சரிவில் வெட்டிய குழியில் கொட்டி மண்மூடுவார். குழி எங்கே என்பதை அவரே தேர்ந்தெடுப்பார். லயங்கள் குடிக்கும் ஊற்றுக்குக் கீழேதான் வெட்டுவார். புதிதாக வந்த சின்னக் கிராணியொருவர், தூரம் மிகுதியென்று ஊற்றுக்கு மேற்புறம் வெட்டச் சொன்னபோது, “மேலே புதைச்சா கீழே குடிக்கும், ஐயா. வாட்டம் அந்தப் பக்கம்” என்று மறுத்துவிட்டார். அரைநாள் சம்பளம் பிடித்தார்கள். அவர் பழையபடியே ஒரு மேடு ஏறி இறங்கிச் சுமந்தார்.

இலண்டனில் 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்சு ஆற்றின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே தவித்தபின், பசால்செட் என்னும் பொறியாளர் நகருக்கடியில் 130 கிலோமீட்டருக்கும் மேலான பெருஞ்சாக்கடைகளை வகுத்தார். 1865-இல் திறப்புவிழா நடந்தது. மறு ஆண்டே வாந்திபேதி வந்தது. வேலை இன்னும் முடியாதிருந்த கிழக்குப் பகுதியில்தான் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பசால்செட்டுக்குச் சிலை இருக்கிறது. எங்கள் லயத்தில் ஒரு குழந்தையும் பேதியால் சாகவில்லை என்பதற்கு என்னிடம் ஏடு எதுவுமில்லை. அம்மா சொல்லக் கேட்டதுதான்.

பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தபோது, தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘கொழுந்துத் தொழிலாளி’ என்று எழுதினேன். அவ்வப்போது அவர் கொழுந்தும் எடுத்தார். ஆதலால் முழுப்பொய்யன்று என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கல்லூரி விடுதியில் தகழியின் ‘தோட்டியின் மகன்’ கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. நண்பர்கள் அதனை விவாதித்த இரவுகளில் நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா என்னை ஒருநாளும் கேட்டதில்லை. 1998-இல் காலமானார்.

தீபாவளி விடுமுறை முடிந்ததும் அவனை ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் பேச அழைத்தேன். எதைப் பற்றி என்று கேட்டான். “உன் வேலையைப் பற்றி” என்றேன். “அம்மாவும் வருவார்களே, சார்.” “வரட்டும்.”

அறிமுகவுரைக்கு எழுதி வைத்திருந்த தாளை நான் படிக்கவில்லை. இந்த ஊரில் வாட்டம் பார்க்கத் தெரிந்த ஒருவர் முன்பு இருந்தார், அவர் வாளி எடுத்தார், அவர் என் அப்பா என்று மட்டும் சொல்லி அமர்ந்தேன். இளம் ஆசிரியை ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளைகளுக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை. அவர்கள் கண்கள் எல்லாம் அவன் வைத்திருந்த இயந்திரப் படத்தின்மேல் இருந்தன. அவன் கரும்பலகையில் ஒரு சாய்கோடு வரைந்து, மெல்லத் தொடங்கி, பிறகு உற்சாகமாகவே பேசினான். சாக்கடை என்னும் சொல்லை மறைக்கவில்லை.

ஒரு பையன் எழுந்து, “அங்கே முதலை இருக்குமா?” என்றான். ஒரு பெண்பிள்ளை, சுரங்கம் நிரம்பிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவன் மகிழ்ந்துபோனான், அந்தக் கேள்விக்குத்தான் தாங்கள் பல மாதம் கணக்குப் போட்டதாகச் சொன்னான்.

கடைசி வரிசையில் அவன் தாய் முந்தானையைக் கையில் சுற்றியபடி அமர்ந்திருந்தாள். கூட்டம் கலைந்தபின் அவனிடம் வந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். என்ன சொல்வாளோ என்று எனக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது.

“அங்கே கீழே மூச்சு விட முடியுதா, தம்பி?” என்றாள்.

“காத்து அனுப்புவாங்க, அம்மா. காத்தை அளந்து பாத்துத்தான் இறங்குவோம்.”

“தினமும் அளக்குறாங்களா?”

“தினமும்.”

அவள் தலையசைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்க அப்பாவை எனக்குத் தெரியும், சார். எங்க லயத்துக்கும் அவர்தான் வருவார்” என்றாள்.

மறுநாள் அவனே இரண்டு ஆட்களுடன் வந்து குழாயைத் தோண்டியெடுத்துச் சரிவு வைத்தான். நான் நெகிழிக்குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.