சேலம் நம்பர் வண்டி

பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று நம் பக்கம் ஒரு வார்த்தை வெளியே விட்டால் போதும், காருக்கு முன்னால் கதை வந்து சேர்ந்துவிடும். மிட்டாதார் வீட்டு வண்டி, வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன வண்டி, எம்.ஜி.ஆர். ஏறிய வண்டி. எம்.ஜி.ஆர். ஏறியதாக நான் கேட்ட கார்களிலெல்லாம் அவர் நிஜமாகவே ஏறியிருந்தால், படத்தில் நடிக்க அவருக்கு நேரமே கிடைத்திருக்காது.

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு பக்கம் ஒரு மாந்தோப்பில் கிடந்த ஹெரால்டுக்கு புரோக்கர் சொன்ன கதை கொஞ்சம் வித்தியாசமானது. "ஃபாரின் கன்வர்டிபிள் சார். கப்பல்ல வந்தது. இந்தியாவிலேயே ரெண்டோ மூணோதான் இருக்கு" என்றார். போட்டோவில் கூரை இல்லாத ஒரு சின்னக் கார், சீட்டுக்கு நடுவில் ஒரு செடி முளைத்து நின்றது. அந்த 'கன்வர்டிபிள்' என்ற ஒரு சொல்லுக்காகவே விலை பல மடங்கு ஏறியிருந்தது.

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் கம்பெனி கொண்டுவந்த வண்டி. உருவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் அதைச் சென்னைக்குத் தெற்கே வண்டலூர் வட்டாரத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செய்து விற்றது. 948 சி.சி. எஞ்சின். அம்பாசடர், ஃபியட் இரண்டுக்கும் நடுவே மதராஸ்காரர்களுக்குச் சொந்தக் கார் என்று ஒன்று இருந்ததென்றால் அது இதுதான். தனி சேசிஸ் மேல் பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு இணைத்த அமைப்பு. இரண்டு கதவு ஹெரால்டில் கூரைகூட போல்ட்டில்தான் நிற்கும். ஸ்பேனரும் ஒரு மத்தியான நேரமும் இருந்தால் யாரும் கழற்றி வைத்துவிடலாம். கன்வர்டிபிள் என்று சொல்லி விற்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

சேலத்திலிருந்து மெக்கானிக் பாயை அழைத்துப் போனேன். பழைய வண்டி என்றால் அவருக்குத் தொழிலைத் தாண்டிய பிரியம். போனதும் அவர் காரின் அழகைப் பார்க்கவில்லை. சாக்கை விரித்து அடியில் படுத்துவிட்டார். ஸ்குரூ டிரைவரால் சேசிஸின் பக்கவாட்டுச் சட்டங்களைக் குத்திக்கொண்டே போனார். டங், டங் என்று கேட்டால் இரும்பு, பொத்தென்றால் துரு. நம் வறண்ட பூமி இந்த ஒரு விஷயத்தில் புண்ணியம் செய்தது. கடற்காற்றில் நின்ற வண்டியாக இருந்தால் இந்நேரம் சல்லடையாகியிருக்கும். துணி சுற்றிய காந்தத்தைக் கதவுமேல் நகர்த்திப் பார்த்தோம். கீழ் ஓரத்தில் கொஞ்சம் பட்டி, மற்றபடி தகரம். இதுவரை யாரும் அதற்குப் புதுப் பெயின்ட் அடித்து 'ரெஸ்டோர்' செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. பளபளக்கிற பழைய காரை நான் நம்புவதில்லை. அதில் பாதி சாட்சி பெயின்டுக்கு அடியில் புதைந்திருக்கும்.

பானெட்டைத் தூக்கினோம். ஹெரால்டில் பானெட் என்றால் இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாயும். உள்சுவரில் ஒரு சின்னத் தகடு. இங்கிலாந்துக் கன்வர்டிபிளாக இருந்தால் அதன் எண் 'சிவி' என்ற எழுத்துகளில் முடிய வேண்டும். இதில் இருந்ததோ மதராஸ் கம்பெனியின் பெயர். ரிவெட்டுகளும் பழசு, சுற்றிலும் கீறல் இல்லை, ஆகவே வேறு வண்டியிலிருந்து பிடுங்கி அடித்த தகடும் இல்லை. முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் கூரையை இணைக்கும் போல்ட் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. துணிக்கூரையை மடக்கும் கம்பிச் சட்டம் பொருத்திய தடயம் எங்கும் இல்லை. பாய் சிரித்தார். "கன்வர்டிபிளும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். தொப்பியைக் கழட்டிட்டாங்க, அவ்வளவுதான்."

அடுத்தது ஆர்.சி. புக். பழைய வண்டிக்கு உயிர் எஞ்சினில் இருக்கிறது என்பார்கள். என்னைக் கேட்டால் இந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்காரப் பையன், "ஆதியிலேருந்தே தருமபுரி வண்டிங்க" என்று சொல்லிக்கொண்டே நீட்டினான். முதல் பக்கத்தில் 1964, சேலம். அதுதான் சரி. தருமபுரி மாவட்டமே 1965 அக்டோபர் 2-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. 1964 வண்டிக்கு முதல் பதிவே தருமபுரியில் என்று எழுதியிருந்தால் நான் அப்போதே திரும்பியிருப்பேன். தருமபுரிக்கான டி.என். 29 என்பதெல்லாம் 1989-க்குப் பிறகு வந்த முறை. பாடி வகை என்ற இடத்தில் 'சலூன்' என்று மங்கலான மசியில் எழுதியிருந்தது. கப்பலும் கன்வர்டிபிளும் அந்த ஒரு சொல்லில் கரைந்தன.

எஞ்சின் நம்பரில்தான் ஒரு இடறல். புத்தகத்தில் 3, பிளாக்கில் 8 போலத் தெரிந்தது. எஞ்சின் மாறிய வண்டியோ? மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தோம். தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களுக்குத் தொல்லியல்காரர்கள் மைப்படி எடுப்பதும் இதே வேலைதான்: கண் ஏமாறும் இடத்தில் காகிதம் ஏமாறாது. 3-இன் வயிற்றில் அரை நூற்றாண்டு கிரீஸ் உறைந்து 8 ஆகியிருந்தது.

எஞ்சின் மாறியிருந்தால்தான் என்ன, அது வேறு வண்டியாகிவிடுமா என்று கேட்கலாம். இந்தக் கேள்வி லண்டன் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஒன்று, 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர். ஏறக்குறைய 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இதில் அசல் பாகமே அநேகமாக இல்லை என்று பின்வாங்கினார்கள். 1932-ல் விபத்தில் சிக்கி, ஓட்டியவர் இறந்து, பிறகு வேறு பாடி கட்டப்பட்ட வண்டி அது. 1990-ல் நீதிபதி ஆட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பாகங்கள் ஒவ்வொன்றாக மாறினாலும் வண்டியின் வரலாறு எங்கும் அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறொரு கார் உலகில் இல்லை என்பது அவர் நியாயம். எனக்கு அந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும். கை மாறிய ஒவ்வொரு தடவையும் காகிதத்தில் இருந்தால், எஞ்சின் மாறியதை விலையில் பேசிக்கொள்ளலாம். நடுவில் பத்து வருடம் காணாமல் போன வண்டியில் அசல் எஞ்சின் இருந்தும் எனக்குத் தூக்கம் வராது.

விலைக்கு வருவோம். பையனின் அப்பா பெயரில் புத்தகம் நிற்கிறது, அவர் காலமாகிவிட்டார். வாரிசு சான்றிதழ், படிவம் 31, பிறகுதான் எனக்கு மாற்றுவது. எப்போதோ வாங்கிய கடனுக்கு எச்.பி. குறிப்பு வேறு ரத்தாகாமல் கிடக்கிறது; கடன் கொடுத்த கம்பெனி இன்று இல்லை. இந்த அலைச்சலெல்லாம் விலையில் கழிய வேண்டியவை. எஞ்சின், பிரேக் சாமான்கள் பயமில்லை, இதே குடும்பத்து ஸ்பிட்ஃபயர் காருக்காக இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன. நான்கு கதவு ஹெரால்டாக இருந்தால்தான் திண்டாட்டம். அது இந்தியாவில் மட்டுமே வந்தது, பின்கதவு வேண்டுமென்றால் இன்னொரு செத்த வண்டியைத் தேட வேண்டும்.

மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விண்டேஜ் விதி ஒன்று இருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, மூல வடிவம் மாறாத வண்டிக்குத் தனிப் பதிவு. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்தோடு எண் தருவார்கள், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அந்தச் சேலம் நம்பர் எனக்கு வேண்டும். ஆனால் மூல வடிவம் என்றால் கூரை வேண்டுமே.

"அந்தக் கூரை எங்கப்பா?" என்றேன். பையன் தோப்புக் கோடியைக் காட்டினான். நான்கு கல் தூண் மேல் ஹெரால்டின் கூரை, கீழே கோழிகள். கண்ணாடிகூட உடையவில்லை. புரோக்கர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "கன்வர்டிபிள் இல்லேன்னா போகுது சார், வண்டிக்கு நீங்க சொல்ற விலையே வச்சுக்கலாம். கூரைக்கு மட்டும் தனியா பேசிக்குவோம்."