இது சீரிஸ் இல்லடி

2020 மார்ச் கடைசி. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. ஹாலில் அப்பா சேனல் மாற்றி மாற்றி இன்றைக்கு எத்தனை பேருக்குத் தொற்று என்று பார்த்துக்கொண்டிருப்பார். நான் உள் ரூமில் போர்வைக்குள் போனை வைத்து, இயர்போனை மாட்டிக்கொண்டு பாங்காக் போய்விடுவேன். அங்கே ஒரு காலேஜ். டைன் என்று ஒரு பையன். அவனை இன்னொருத்தன் விடாமல் சுற்றிச் சுற்றி வருகிறான். தொல்லை தாங்காமல் டைன், கிட்டார் வாசிக்கும் சாராவத்திடம் போய் "கொஞ்ச நாள் என் பாய்ஃப்ரெண்ட் மாதிரி நடிக்கிறியா" என்று கேட்கிறான். மிச்சத்தை நீங்களே ஊகித்துவிடலாம். ‘2கெதர்’, பதின்மூன்று எபிசோடு. யூடியூபில் சப்டைட்டிலோடு ஓசியில் கிடைத்தது. நான் மூன்று முறை பார்த்தேன்.

அதற்கப்புறம் நிற்கவே இல்லை. தாய்லாந்தின் ‘சோட்டஸ்’, சீனாவின் ‘தி அன்டேம்ட்’, ஜப்பானின் ‘செர்ரி மேஜிக்’, கொரியாவின் ‘செமான்டிக் எரர்’. ஆண்கள் இருவர் காதலிக்கும் இந்தத் தொடர்களை பாய்ஸ் லவ், சுருக்கமாக பிஎல், என்பார்கள். இரண்டு வருஷத்தில் நாற்பதுக்கு மேல் பார்த்திருப்பேன். டெலிகிராமில் எங்களுக்கென்று ஒரு குரூப்பும் இருந்தது. அறுபது, எழுபது பேர், பெரும்பாலும் பெண்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி புது எபிசோடு வந்தால் விடியும்வரை கத்துவோம்.

ஒரு பெண்ணுக்கு ஏன் இரண்டு ஆண்களின் காதல் இவ்வளவு பிடிக்க வேண்டும்? இந்தக் கேள்வியை என் தங்கை ஒரு மாதிரி கேட்டாள், ஆபீஸில் ஒருத்தர் வேறு மாதிரி கேட்டார். என் பதில் இதுதான். நான் தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவள். திரையில் காதல் காட்சி வந்தாலே என் கண் முதலில் அந்தப் பெண்ணிடம்தான் போகும். இவளுக்கு இது பிடித்திருக்கிறதா, பஸ் ஸ்டாப்பில் இவன் வழிமறிக்கும்போது இவளுக்குப் பயமாக இல்லையா, நாளைக்கு இவள் வேலையை விட்டுவிடுவாளா. பாட்டு நன்றாக இருந்தாலும் வயிற்றில் ஒரு ஓரம் இறுக்கமாகவே இருக்கும். பிஎல்-லில் நான் கவலைப்பட அந்தப் பெண் இல்லை. ரெண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே ஹாஸ்டல், ஒரே பயம். முதல் முறையாக ஒரு காதல் கதையை நான் பாதுகாப்பாக உட்கார்ந்து பார்த்தேன்.

இதில் நான் தனி ஆள் இல்லை என்று பிறகு தெரிந்தது. இந்த வகைக் கதைகளைத் தொடங்கி வைத்தவர்களே பெண்கள்தான். 1974-இல் மோட்டோ ஹாகியோ ‘தாமஸின் இதயம்’ வரைந்தார். 1976-இல் கெய்கோ தகெமியாவின் ‘காற்றும் மரமும்’ மாங்கா வெளிவரத் தொடங்கியது. இரண்டுமே ஐரோப்பாவின் ஆண்கள் பள்ளி விடுதிகளில் நடப்பவை. இரண்டையும் வரைந்தவர்கள் அப்போது இருபதுகளில் இருந்த ஜப்பானியப் பெண்கள், படித்தவர்கள் பள்ளிச் சிறுமிகள். ஒரு பெண் பாத்திரத்துக்குத் தர முடியாத ஆசையையும் துணிச்சலையும் தொலைதூர நாட்டுப் பையன்களின் உடம்பில் வைத்து எழுதினார்கள். இந்தக் கதைகளுக்கு அடிமையான பெண்களை ஜப்பானில் ‘ஃபுஜோஷி’ என்பார்கள். அழுகிப்போன பெண் என்று அர்த்தம். ரசிகைகள் அதைத் தங்களுக்கே பட்டமாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் அந்தப் பட்டம் பிடித்திருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் எனக்குச் சாதகமான பாதி.

2022 தொடக்கத்தில், என் கல்லூரி நண்பன் ஒருவன் டீ குடிக்கலாம் வா என்று கூப்பிட்டான். பெயர் வேண்டாம், அவன் என்றே வைத்துக்கொள்கிறேன். எட்டு வருஷப் பழக்கம். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் கடையில் நின்றோம். டீ வந்தது, ஆறியது, ஆடை கட்டியது. அவன் குடிக்கவில்லை. க்ளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உன்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்குப் பசங்களைத்தான் பிடிக்கும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைதட்டினேன். நிஜமாகவே. "டேய்! சூப்பர்டா! யாராவது இருக்கானா? போட்டோ காட்டு, போட்டோ காட்டு!"

அவன் முகம் நிமிர்ந்தது. கோபம் கூட இல்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்துவிட்ட ஒருத்தனின் முகம். "இது சீரிஸ் இல்லடி" என்றான். காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். அன்று ராத்திரி குரூப்பில் எழுதினேன்: என் பெஸ்ட் ஃப்ரெண்ட் இன்னைக்கு எங்கிட்ட கம் அவுட் பண்ணான், அழுதுட்டேன். பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை. நான் அழவும் இல்லை. மளமளவென்று ஹார்ட் வந்து விழுந்தது. யாரோ ஒருத்தி "உன் லைஃப்ல நிஜ பிஎல்!" என்று எழுதியிருந்தாள். காலையில் எழுந்து அதைப் படித்தபோதுதான் குடலைப் புரட்டியது. அழித்தேன். எழுபது பேர் படித்து முடித்த பிறகு.

அதற்கப்புறம் சில மாதம் அவன் மெசேஜுக்குக் கட்டைவிரல் மட்டும் அனுப்பினான். நான் பழைய தொடர்களைத் திரும்பப் பார்க்க ஆரம்பித்தேன். இந்த முறை அவன் கண்ணால் பார்க்க முயற்சி செய்தேன்.

முதலில் உறுத்தியது ‘2கெதர்’தான். டைனை விரட்டும் அந்த இன்னொருத்தன், கிரீன், மொத்தக் கதையிலும் தனக்கு ஆண்களைப் பிடிக்கும் என்பதை மறைக்காதவன். அவன் நடை, குலுக்கல், குரல் எல்லாமே சிரிக்க வைக்க. நாயகர்கள் இருவரும் ‘சாதாரணப் பையன்கள்’. அவர்கள் காதல் அழகு, இவன் காதல் தொல்லை. நான் மூன்று முறையும் கிரீனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

அடுத்தது ஒரு வசனம். நாடு மாறும், மொழி மாறும், இது மட்டும் மாறாது: "எனக்கு ஆண்களைப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும்." முதலில் கேட்டபோது உருகிப்போனேன். இப்போது அதற்குள் இன்னொரு வாக்கியம் கேட்கிறது: நான் அவங்களில் ஒருத்தன் இல்லை. 2016-இல் வந்த ‘சோட்டஸ்’ தாய் பிஎல் அலையைப் பெரிதாக்கிய தொடர்களில் ஒன்று. அதில் ஜூனியர் கோங்பாப், சீனியர் ஆர்திட்டிடம் எல்லோர் முன்னாலும் ‘உன்னை என் மனைவியாக்கிக்கொள்வேன்’ என்கிறான். ஆண் பெண் காதல் பிடிக்கவில்லை என்றுதானே இங்கே ஓடி வந்தேன்? ரெண்டு பேரில் ஒருத்தரைப் பெண்டாட்டி ஆக்காமல் இவர்களுக்கும் கதை நகரவில்லை.

அப்புறம் ஜோடி வியாபாரம். தாய் கம்பெனிகள் இரண்டு நடிகர்களைச் சேர்த்து வைத்து, திரைக்கு வெளியிலும் ஜோடியாகவே விற்கும். ரசிகர் சந்திப்பு, விளம்பரம், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் இருவரும் சேர்ந்துதான். அதில் ஒருவர் ஒரு பெண்ணோடு சுற்றுவதாகப் பேச்சு வந்தால் ரசிகைகள் கொதிப்பார்கள். எங்கள் குரூப்பும் கொதித்திருக்கிறது. நாங்கள் நேசித்தது அந்த மனிதர்களை இல்லை, எங்களுக்கு ஏற்ற மாதிரி அவர்கள் நிற்பதை.

இதையெல்லாம் பார்த்தபின் பிஎல்-லையே விட்டுவிட்டேன் என்று முடித்தால் கட்டுரை ஒழுங்காக இருக்கும். ஆனால் சீனாவில் நடந்ததைப் படித்தபோது அப்படி உதற முடியவில்லை. 2016-இல் ‘அடிக்டட்’ தொடர் முடிவதற்குள்ளேயே அங்கே இணையத்திலிருந்து தூக்கப்பட்டது. 2019-இல் ‘தி அன்டேம்ட்’ வந்தபோது, நாவலில் காதலர்களாக இருந்தவர்கள் ஐம்பது எபிசோடும் உற்ற நண்பர்களாகவே இருந்தார்கள். பார்வையில், புல்லாங்குழலில், முயல்குட்டியில் காதலை ஒளித்து வைத்தார்கள். 2021 செப்டம்பரில், பெண்மைச் சாயல் உள்ள ஆண்கள் திரையில் வேண்டாம் என்று ஒளிபரப்பு ஆணையமே உத்தரவு போட்டது. எடுத்து முடித்த தொடர்கள் சில பெட்டிக்குள்ளேயே கிடந்தன. ஒரு அரசாங்கம் பயப்படும் அளவுக்கு இந்தச் சர்க்கரைப் பாகில் ஏதோ இருக்கிறது.

நல்ல தொடர்களும் இருக்கின்றன. ‘பேட் பட்டி’யில் பாட், ப்ரான் இருவரின் குடும்பங்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பகையாளிகள். கடைசியில் பெற்றோர் மனம் மாறி ஆசீர்வதிப்பார்கள் என்று காத்திருந்தேன். நடக்கவில்லை. பிரிந்துவிட்டோம் என்று வீட்டில் நடித்துக்கொண்டே அவர்கள் காதலைத் தொடர்கிறார்கள். இது என்ன முடிவு என்று அப்போது குரூப்பில் சண்டை போட்டேன். என் நண்பன் அதைப் பார்த்துவிட்டு, "இதுதான்டி முடிவு, எங்களுக்கு" என்றான்.

2023-இல் வந்த ‘மூன்லைட் சிக்கன்’ இன்னும் ஒரு படி மேல். பட்டாயாவில் கோழிச் சோறு விற்கும் ஜிம்முக்கு இளமை போய்விட்டது, கடனும் கவலையும் இருக்கிறது. அவனுடைய சகோதரியின் மகன் லீ மிங்குக்குக் காது கேளாத ஹார்ட்டைப் பிடிக்கிறது. அதற்காக அவன் சைகை மொழி கற்கிறான். தடுமாறுகிறான், தப்பாகக் காட்டுகிறான், திருத்திக்கொள்கிறான். ஒருத்தரை நேசிப்பதற்கு முன் அவருடைய மொழியைக் கொஞ்சமாவது படிக்க வேண்டும் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது.

எனக்குத் தெரியவில்லை. 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரு தன்பாலீர்ப்பு ஜோடியின் வழக்கில் தீர்ப்பு எழுதும் முன், தனக்கு இது பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டார். அந்தச் செய்தியை நான் குரூப்பில் பெருமையாகப் பகிர்ந்தேன். கற்றுக்கொள்ள எனக்கும் ஏதாவது இருக்கும் என்று தோன்றவே இல்லை. நாற்பது சீரிஸ் பார்த்தவள் அல்லவா!

2023 அக்டோபர் 17. ஒரே பால் திருமணத்துக்கு அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் மறுத்தது. அது சட்டமன்றங்களின் வேலை என்றது. அவனுக்கு போன் பண்ணினேன். "மீட்டிங்ல இருக்கேன்" என்றான். சாயந்திரம் அவனே கூப்பிட்டான். மீட்டிங் எதுவும் இல்லை, பாத்ரூமில் நின்று தீர்ப்பைக் கேட்டிருக்கிறான். நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "சாப்பிட்டியா" என்றேன். இல்லை என்றான். வீட்டுக்கு வரச் சொன்னேன்.

அன்றைக்குத்தான் ‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ ஜப்பானியத் தொடரை ஆரம்பித்தோம். ஷிரோ வக்கீல், கென்ஜி சிகையலங்காரம் செய்பவர். நடுத்தர வயது, ஒரே ஃப்ளாட். ஷிரோ கடை கடையாக விலை பார்த்துக் காய் வாங்கி, ஆபீஸ் முடிந்து வந்து சமைப்பார். கென்ஜி சாப்பிட்டுவிட்டு ஒவ்வொரு ஐட்டத்தையும் கண் விரியப் பாராட்டுவார். அவ்வளவுதான் கதை. முதல் எபிசோடிலேயே ஒரு சண்டை. கென்ஜி சலூனில் வாடிக்கையாளரிடம் ஷிரோவைப் பற்றிப் பேசிவிடுகிறார், ஷிரோவுக்குக் கோபம் தாங்கவில்லை. மற்றவர்கள் மனைவியைப் பற்றிப் பேசலாம், கூட வாழ்பவரைப் பற்றி நான் மட்டும் பேசக்கூடாதா என்று கென்ஜி கேட்கிறார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மூன்றாவது ஆளான எனக்குத்தான் எந்த நியாயமும் இல்லை.

பாஸ் பண்ணிவிட்டுச் சொன்னேன். டீக்கடை நாள், குரூப், ஹார்ட், காலையில் அழித்தது, எல்லாவற்றையும். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை.

"அதுல நம்ம காலேஜ் ஆளுங்க யாராவது இருக்காங்களா?"

"இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அந்த ஒரு ராத்திரி உனக்கு இது கதைடி. எனக்கு வீட்டு வாடகை, அம்மா, வேலை எல்லாம் இதுலதான் இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "போடு, மீன் என்ன ஆச்சுன்னு பாப்போம்" என்றான். மன்னித்தானா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டு அவனிடம் இன்னொரு நல்ல காட்சியை வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

2025 ஜனவரி 23 அன்று தாய்லாந்தில் திருமணச் சமத்துவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தைவானில் 2019-லேயே வந்துவிட்டது. ஜோடி ஜோடியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிற்கும் படங்களை அவன் எனக்கு அனுப்பினான். அதில் பாதிப் பேர் நரைத்தவர்கள். தொப்பை உள்ளவர்கள். இந்தச் சட்டத்துக்காக வருஷக்கணக்கில் அலைந்தவர்கள் சீரிஸ் ஹீரோக்கள் இல்லை, இவர்கள்தான். பெண் ஜோடிகளும் நிறைய. நான் பார்த்த நாற்பது தொடர்களில் இவர்களுக்கு எவ்வளவு இடம் இருந்தது?

நான் இப்போதும் பிஎல் பார்க்கிறேன். போன வாரம்கூட ஒரு முத்தக் காட்சிக்குத் தலையணையைக் கடித்தேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குரூப்பிலும் இருக்கிறேன். யாராவது கிரீன் மாதிரிப் பாத்திரத்தைக் கிண்டல் செய்தால் மட்டும் இடையில் புகுந்து ரசத்தைக் கெடுக்கிறேன்.

போன மாதம் அவன் வந்திருந்தான். தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று, "ஒருத்தனைப் பாத்துப் பேசிட்டு இருக்கேன்" என்றான். தோசையைத் திருப்பினேன். கொஞ்சம் கருகியிருந்தது.

"என்னடி, ஒண்ணும் கேக்க மாட்டியா?"

"நல்லா சமைப்பானா?"

"வெந்நீர் வைப்பான்" என்றான். தட்டை நீட்டினான். இரண்டாவது தோசை சாப்பிடும்போது அவனே பேச ஆரம்பித்தான். நான் போட்டோ கேட்கவில்லை.