திக்கால்: இரண்டாம் முறை செல்வோருக்கு

திக்கால், குவாத்தமாலாவின் வடக்கே பெத்தேன் மாநிலத்துக் காட்டுக்குள் இருக்கும் பழைய மாயர் நகரம். 1955இல் அதைச் சுற்றி 576 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேசியப் பூங்கா அமைந்தது. 1979இல் யுனெஸ்கோ, இயற்கை வளம், பண்பாடு ஆகிய இரண்டு தகுதிகளின்பேரிலும் அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. முதுகில் பையும் கையில் கொஞ்சம் பணமுமாக மத்திய அமெரிக்காவைச் சுற்றுவோரில் பலர் இங்கே ஒரு பகலைக் கழித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு பகலும் அண்ணாந்து பார்ப்பதிலேயே போய்விடும். 47 மீட்டர் உயரமுள்ள முதலாம் கோயிலும், ஏறக்குறைய 65 மீட்டர் உயரமுள்ள நான்காம் கோயிலும் வேறெதையும் கவனிக்க விடுவதில்லை. மறுபடி வருபவருக்குத்தான் பள்ளங்களும் மண்மேடுகளும் அகன்ற பாதைகளும் கண்ணில் படத் தொடங்குகின்றன. கடந்த 15 ஆண்டுகளில் திக்காலைப் பற்றித் தெரியவந்த முக்கியமான செய்திகளில் பல, இந்தப் பள்ளங்களிலும் மேடுகளிலும் கிடைத்தவையே.

திக்காலுக்குச் செல்வோர் தங்கும் ஊர் புளோரெஸ். பெத்தேன் இட்சா ஏரியிலுள்ள சிறிய தீவு அது. கடைசிவரை ஸ்பானியருக்குப் பணியாதிருந்த இட்சா மாயரின் தலைநகரம் இதே தீவில்தான் இருந்தது. 1697 மார்ச்சில் அது வீழ்ந்தது. தீவை ஒரு கரைச்சாலை சாந்தா எலெனாவோடு இணைக்கிறது. பேருந்து நிலையமும் சந்தையும் வங்கிகளும் சாந்தா எலெனாவில் இருக்கின்றன. ஊருக்குள் ஓடும் ஆட்டோக்களை அங்கே துக்-துக் என்கிறார்கள். அவை பெரும்பாலும் இந்தியாவில் தயாரான பஜாஜ் வண்டிகள்.

தலைநகர் குவாத்தமாலா சிட்டியிலிருந்து இரவுப் பேருந்தில் ஏறினால் காலையில் சாந்தா எலெனாவில் இறங்கலாம். ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். அங்கிருந்து திக்கால் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். பயண நிறுவனங்களின் வேன்கள் வழிகாட்டிக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்குகின்றன. உள்ளூர்க்காரர்கள் ஏறும் 'கொலெக்திவோ' எனப்படும் பங்கு வேனில் செலவு குறைவு. பெலீஸ் எல்லையிலிருந்து வருபவர் புளோரெஸ் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. சாலை பிரியும் இஷ்லூவில் இறங்கிக் காத்திருந்தால், வடக்கே திக்காலுக்குப் போகும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம்.

பயணத்தில் பெரிய செலவு நுழைவுச்சீட்டு. குவாத்தமாலா நாட்டவருக்கு 25 கெட்சலாக இருந்தபோது வெளிநாட்டவருக்கு 150 கெட்சல் வாங்கினார்கள். விலை மாறக்கூடும் என்பதால் கிளம்புமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. சூரிய உதயத்துக்கு முன்பே உள்ளே போவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நான்காம் கோயிலின் உச்சியில் விடியலுக்காகக் காத்திருக்கும் பலருக்குக் கிடைப்பது மூடுபனிதான். பனிக்குள்ளிருந்து வரும் ஊளைக் குரங்குகளின் உறுமலைக் கேட்பது பெரிய அனுபவம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை ஒருமுறை அனுபவித்தவர் மீண்டும் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. காலை 6 மணிக்கு வாயில் திறந்ததும் நுழைந்து மாலையில் மூடும்வரை இருப்பதே சீட்டின் விலைக்கு ஈடான பயன். ஒரு மணி நேரம் இருந்தாலும் பகல் முழுவதும் இருந்தாலும் கட்டணம் ஒன்றுதான். நுழைவிடத்தை அடுத்துள்ள சிற்றுணவகங்களில் மக்காச்சோளத் தோர்த்தியாவும் கறுப்பு அவரையும் முட்டையும் கிடைக்கும். பூங்காவுக்குள் கூடாரம் அடிக்கவும் இடமுண்டு. குடிநீரையும் பழங்களையும் சாந்தா எலெனா சந்தையில் வாங்கிக்கொண்டு போவது நல்லது. காட்டுக்குள் இவற்றுக்கு விலை அதிகம்.

முதல் வருகையில் எல்லோரும் பார்ப்பது பெருஞ்சதுக்கம். அதன் கிழக்கில் முதலாம் கோயிலும் மேற்கில் இரண்டாம் கோயிலும் எதிரெதிரே நிற்கின்றன. 562இல் போரில் தோற்றபின் திக்கால் ஏறக்குறைய 130 ஆண்டுகள் தேதியிட்ட கல்வெட்டு எதையும் நிறுத்தவில்லை. 682இல் அரியணை ஏறிய ஹசாவ் சான் கவீல், 695இல் பழைய பகை நகரமான கலக்முல்லை வென்று நகரை மீட்டெடுத்தார். முதலாம் கோயிலுக்கு அடியில் இருந்த அவருடைய கல்லறை 1962இல் திறக்கப்பட்டது. ஜேடு மணிகளோடு, நுண்ணிய சித்திரங்கள் கீறிய எலும்புத் துண்டுகளும் அதில் கிடைத்தன. மக்காச்சோளக் கடவுளைப் படகில் ஏற்றிச் செல்லும் காட்சி அவற்றில் பெயர்பெற்றது. முன்பு இந்தக் கோயிலின் செங்குத்தான கற்படிகளில் பயணிகள் ஏறுவார்கள். விழுந்து இறந்தவர்கள் உண்டு. இப்போது ஏறத் தடை. இரண்டாம், நான்காம் கோயில்களுக்குப் பக்கவாட்டில் மரப்படிகள் போட்டிருக்கிறார்கள்.

மறுமுறை வருபவர் பெருஞ்சதுக்கத்திலிருந்து மத்திய அக்ரோபோலிஸ் எனப்படும் அரண்மனைத் தொகுதிக்கு ஏறி, அதன் தெற்கு விளிம்பில் நின்று கீழே பார்க்க வேண்டும். மரங்கள் அடைத்துக் கிடக்கும் ஆழமான பள்ளம் ஒன்று தெரியும். முதல் வருகையில் அது வெறும் ஓடைப்பள்ளமாகத் தோன்றியிருக்கும். அது அரண்மனைக் குளம். திக்காலுக்கு அருகே ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறை மழைநீரை உறிஞ்சிவிடும். கோடையில் மாதக்கணக்கில் மழை இருக்காது. பல்லாயிரம் பேர் வாழ்ந்த நகரம் முழுக்க முழுக்க மழைநீரைச் சேமித்தே பிழைத்தது. சதுக்கங்களுக்குச் சுண்ணச்சாந்து பூசி, தண்ணீர் குளங்களை நோக்கி ஓடும்படி தரையைச் சாய்த்துக் கட்டினார்கள். அரண்மனைக் குளத்தின் கரை 80 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 10 மீட்டர் உயரமும் உள்ள அணை என்பதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. மாயர் நாட்டில் இதுவரை அறியப்பட்ட அணைகளில் மிகப் பெரியது இதுதான். பயணிகள் நடக்கும் வழி ஒன்று அதன் மேலேயே செல்கிறது. அணை என்று தெரியாமலே பெரும்பாலோர் அதைக் கடந்து போகிறார்கள்.

2020இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இந்தக் குளங்களின் கதையை இன்னும் விரித்தன. நகரின் தென்கிழக்கிலுள்ள கொரியெந்தால் குளத்தின் வண்டலில் குவார்ட்ஸ் மணலும் ஜியோலைட் என்னும் கனிமமும் இருந்தன. நீரிலுள்ள நுண்ணுயிர்களையும் நச்சுகளையும் பிடித்துக்கொள்ளும் தன்மையால் ஜியோலைட்டை இன்றைய நீர் வடிகட்டிகளிலும் பயன்படுத்துகிறார்கள். அது திக்காலில் இயற்கையாகக் கிடைப்பதன்று. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கொண்டுவந்து குளத்தின் நீர்வாயில் போட்டிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் முடிவு. மற்ற ஆய்வு இதற்கு நேர்மாறான நிலையைக் கண்டது. அரண்மனைக் குளத்திலும் கோயில் குளத்திலும் பாதரசமும், நச்சு தரும் நீலப்பச்சைப் பாசியின் தடயங்களும் இருந்தன. சுவர்களுக்கும் சடங்குகளுக்கும் மாயர் பயன்படுத்திய இங்குலிகம் என்னும் சிவப்பு நிறமி, மழையில் கரைந்து குளத்தில் சேர்ந்திருக்கிறது. அரசர் குடும்பம் குடித்த தண்ணீர் அதுதான். நகரின் கடைசித் தேதியிட்ட கல்வெட்டு 869ஆம் ஆண்டுக்குரியது. அதன்பின் நகரம் கைவிடப்பட்டதற்கு வறட்சியோடு இந்த மாசும் ஒரு காரணம் என்று அந்த ஆய்வு கருதுகிறது.

குளங்களுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியவை மேடுகள். முந்தோ பெர்திதோ என்ற பழைய கட்டடத் தொகுதிக்கு அருகே இருந்த ஒரு மேட்டை இயற்கையான குன்று என்றே ஆராய்ச்சியாளர்களும் நினைத்திருந்தார்கள். விமானத்திலிருந்து லேசர் கதிர்களைச் செலுத்தி, மர மறைவைக் கடந்து நிலத்தின் வடிவத்தை அளக்கும் லைடார் முறை அந்த நம்பிக்கையை மாற்றியது. அந்தக் குன்று, 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் மெக்சிகோவிலுள்ள தெயோத்திவாக்கான் நகரின் கோட்டைச் சதுக்கத்தைச் சிறிய அளவில் நகலெடுத்துக் கட்டிய வளாகம் என்று 2021இல் அறிவித்தார்கள். 378 ஜனவரியில் சியாஹ் கஃக் என்பவர் மேற்கிலிருந்து திக்காலுக்கு வந்தார் என்றும், அன்றே பழைய அரசர் இறந்தார் என்றும் கல்வெட்டுகள் சொல்கின்றன. அடுத்த ஆண்டு புதிய அரசர் பட்டமேறினார். வந்தவர்கள் படையா, தூதுக் குழுவா என்ற வாதம் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. ஒரு முழு வளாகத்தையே அந்நிய நகரின் முறையில் கட்டும் அளவுக்கு அவர்கள் திக்காலில் வேரூன்றியிருந்தார்கள் என்பதை அந்த மேடு காட்டிவிட்டது. 2025 ஏப்ரலில் இன்னொரு செய்தி வந்தது. தெயோத்திவாக்கான் பாணியில் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் வண்ணங்களில் சித்திரம் தீட்டிய பலிபீடம் ஒன்றை நகரின் குடியிருப்புப் பகுதியில் கண்டுபிடித்திருந்தார்கள். குழந்தைகளின் எலும்புகளும் அங்கே கிடைத்தன. சித்திரம் அழியாமல் இருக்க, ஆய்வு முடிந்ததும் பீடத்தை மண்ணிட்டு மூடிவிட்டார்கள். அதைப் பார்க்க முடியாதது இழப்புதான். ஆனாலும் அந்த முடிவு சரியானது. வெயிலும் மழையும் பட்டு மங்கிப்போன மாயர் ஓவியங்கள் ஏற்கெனவே போதுமான அளவு உண்டு.

1956 முதல் 1970 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழகம் திக்காலில் அகழ்ந்தது. அந்தக் குழு 1961இல் வெளியிட்ட வரைபடம் 16 சதுர கிலோமீட்டரைக் காட்டுகிறது. காட்டில் நடந்து நடந்து கையால் அளந்த வேலை அது. 2018இல் வெளியான லைடார் முடிவுகள் வடக்குப் பெத்தேனில் 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் அளந்து, 60,000க்கும் அதிகமான கட்டடங்களைக் காட்டின. இவற்றைப் படித்துவிட்டு வருபவருக்குப் பாதையோர மேடு ஒவ்வொன்றும் யாரோ குடியிருந்த வீடாகத் தெரியும்.

அகன்ற நடைபாதைகள் எல்லாம் மாயர் போட்ட சாலைகளே. அவற்றுக்கு இன்று வழங்குவது, இங்கே வந்த ஆய்வாளர்களின் பெயர்கள்: மாட்ஸ்லே, மாலெர், தோசெர், மெண்டெஸ். 1848இல் அரசின் சார்பில் முதன்முதலாக இந்த இடத்தைப் பார்த்து அறிக்கை எழுதியவர் மொதெஸ்தோ மெண்டெஸ். அவர் பெயரிலுள்ள சாலை தென்கிழக்கே நீண்டு ஆறாம் கோயிலில் முடிகிறது. திக்காலின் மிக நீளமான கல்வெட்டு இந்தக் கோயிலின் கூரைச் சிகரத்தின் பின்புறத்தில் இருக்கிறது. கூட்டத்தோடு வருபவர்கள் நேரமில்லாமல் இதைத் தவிர்த்துவிடுவார்கள். இரண்டாம் வருகையில் இதற்கு அரைநாள் கொடுக்க வேண்டும்.

கோயில் வாயில்களின் மேல்விட்டங்கள் சப்போட்டா மரம். நம் ஊர்த் தோட்டங்களில் பழம் தரும் அதே இனம். இந்தக் காடுகள்தான் அதன் தாயகம். 1,200 ஆண்டுகள் கடந்தும் சில விட்டங்கள் உளுக்காமல் நிற்கின்றன. நான்காம் கோயிலில் இருந்த சிற்ப விட்டங்களை 1877இல் சுவிட்சர்லாந்துக்கு எடுத்துப் போனார்கள். இன்றும் அவை பாசெல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை இருக்க வேண்டிய இடம் திக்கால். ஏறக்குறைய 741க்குப் பிறகு நல்ல சப்போட்டா மரங்கள் அரிதாகி, கட்டடக்காரர்கள் தரம் குறைந்த வேறு மரத்துக்கு மாறினார்கள் என்று விட்டங்களை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். காட்டின் கணக்கு கோயில் வாயிலிலேயே எழுதியிருக்கிறது.

சப்போட்டாப் பாலிலிருந்து எடுக்கும் சிக்லே, ஒருகாலத்தில் சூயிங்கத்தின் மூலப்பொருளாக இருந்தது. அதைச் சேகரித்தவர்கள் குடியேறிய ஊர் வாஷாக்தூன். திக்காலுக்கு வடக்கே ஏறக்குறைய 23 கிலோமீட்டரில் பூங்கா வழியாகவே செல்லும் மண்சாலையில் இருக்கிறது. சிக்லே ஏற்றிச்சென்ற விமானங்களின் பழைய ஓடுதளத்துக்கு இருபுறமும் வீடுகள். வீடுகளைத் தாண்டினால் இடிபாடுகள். மேற்கே ஒரு பிரமிடில் நின்றால், கிழக்கிலுள்ள மூன்று சிறு கோயில்களை வைத்துச் சூரியன் ஆண்டு முழுவதும் இடம்மாறி உதிப்பதைக் கவனிக்கலாம். மாயர் நகரங்கள் பலவற்றில் காணப்படும் இந்த அமைப்பை 1920களில் முதலில் அடையாளம் கண்டது இங்கேதான். 2000ஆம் ஆண்டு முதல் 83,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டை இந்த ஊர் மக்களே அரசின் ஒப்பந்தத்தில் பராமரித்துவருகிறார்கள். ஷாத்தே என்னும் அலங்காரப் பனையின் இலைகளைப் பறித்து ஏற்றுமதி செய்வதும், அளவோடு மரம் வெட்டுவதும் அவர்களுடைய வருவாய்.

சாந்தா எலெனாவிலிருந்து திக்கால் வழியாக அங்கே போகும் பொதுப் பேருந்து நாளுக்கு ஒன்றுதான். பிற்பகலில் போய்ச் சேரும். மறுநாள் காலையில் திரும்பும். அதில் போகிறவர் ஓர் இரவாவது ஊரில் தங்கியாக வேண்டும். தங்குமிடங்கள் எளியவை, அங்கே கொடுக்கும் பணம் நேராக ஊராரின் கைக்குப் போகிறது. திக்காலை ஏற்கெனவே பார்த்தவர்கள் அந்தப் பேருந்தில் ஏற வேண்டும்.