ரம்புத்தான் செல்லுமா?

பெயர், ஊர், விலங்கு, பழம் என நிரப்பும் சொல் விளையாட்டில் ‘ர’ வந்தாலே வகுப்பில் வழக்கு மூளும். ஒரு மாணவன் ‘ரம்புத்தான்’ என்பான். அது மலாய்ச் சொல் என மற்றவன் மறுப்பான். மறுப்பு உண்மையே, மலாயில் ‘ரம்புத்’ என்றால் முடி.

ஆனால், நன்னூல் விதிப்படி ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது. அதன்படி ரவியும் ராணியும்கூடச் செல்லார். ஒரு பிள்ளையின் பெயரையே செல்லாதென அடிப்பது முறையா?

வாக்கெடுப்பும் தீர்வன்று, நண்பர் மிகுந்தவனே வெல்வான். எனவே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, ஆட்டத்திற்கு முன்பே விதியை எழுதிவிடுங்கள்: நம்மிடையே அன்றாடம் வழங்கும் சொல் செல்லும்; எழுதியவர் அதைத் தமிழ் வாக்கியத்தில் அமைத்துக் காட்ட வேண்டும்; எழுத்துப்பிழை ஐயத்திற்கு அகராதியே நடுவர். விதி முந்தினால், தோற்ற பிள்ளையும் தீர்ப்பை ஏற்கும்.