ரிச்சி தெருவில் ஒரு பெட்டி

அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி அண்ணா சாலையில் கால் வைத்ததுமே அக்கா பெண் எச்சரித்துவிட்டாள்: "மாமா, கடைக்காரர் எதைக் காட்டினாலும் 'ஆஹா!' என்று சொல்லிவிடாதீர்கள். விலை ஏறிவிடும்!"

பத்திரிகைக்காரனை வாயைத் திறக்காதே என்றால் அவன் பாடு என்ன ஆவது, நீங்களே சொல்லுங்கள்!

ரிச்சி தெருவைத் தெரு என்பதே உபசார வார்த்தைதான். ஒரு ஆட்டோ, ஒரு கைவண்டி, தலையில் அட்டைப் பெட்டி சுமந்த ஓர் ஆள் — இந்த மூவரும் சந்தித்துவிட்டால் போக்குவரத்து முடிந்தது! ஒரு காலத்தில் ரேடியோ சாமான்களுக்குப் பேர்போன இடம். இப்போது கம்ப்யூட்டர் ராஜ்யம். பக்கத்தில் இருக்கிற சிந்தாதிரிப்பேட்டை 1734ல் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டான பேட்டை. 'சின்னத் தறிப் பேட்டை'தான் அப்படி மருவிற்று என்பார்கள்.

நெசவுக்கும் எங்கள் காரியத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. அக்கா ரவிக்கை தைத்துக் கட்டிய சீட்டுப் பணத்தில்தான் இந்தக் கம்ப்யூட்டரே உருவாகிறது. பெண் அனிமேஷன் படிக்கிறாள். மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு என்று எட்டு மாதமாக ஒவ்வொன்றாய் வாங்கிச் சேர்த்துவிட்டாள். பாக்கி இரண்டு: எல்லாவற்றையும் உள்ளே வைக்கும் கேபினெட், மின்சாரம் பங்கிட்டுத் தரும் எஸ்.எம்.பி.எஸ். கையிருப்பு 6,000 ரூபாய்.

முதல் கடையில் ஒரு பெட்டி என்னை மயக்கிவிட்டது. முன்புறம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நீலமும் சிவப்புமாகச் சுழலும் விளக்குகள். சாட்சாத் தீபாவளிதான்!

"எஸ்.எம்.பி.எஸ். உள்பட 2,600, சார்!" என்றார் கடைக்காரர்.

மீதி 3,400 ரூபாயில் அக்காவுக்கு ஒரு புடவை வாங்கலாமே என்று என் மனம் கணக்குப் போட்டது. அவளோ கைப்பையிலிருந்து அக்காவின் தையல் டேப்பை எடுத்துப் பெட்டிக்குள் நுழைத்தாள். பின்பக்கத்திலிருந்து முன் விசிறிவரை 26 சென்டிமீட்டர். அவளுடைய கிராபிக்ஸ் கார்டோ 28!

"கண்ணாடி முன்னால் இருந்தால் காற்று எப்படி நுழையும், மாமா? சென்னை வெயிலில் கார்டு வெந்துவிடும். சூடு ஏறினால் வேகம் குறையும். ராத்திரி முழுக்க ஓடவிட்டு எடுக்கிற படம் காலையில் முடிந்திருக்காது."

"எஸ்.எம்.பி.எஸ்.தான் இனாமாக வருகிறதே?"

"அட்டையில் 450 வாட் என்று போட்டிருக்கிறது. அவ்வளவும் தரும் என்று எதை நம்புவது? இந்த எடையைப் பாருங்கள், காலி டப்பா மாதிரி! அது வெடித்தால் அம்மாவின் எட்டு மாதத் தையல் அதோடு போயிற்று."

நான் புடவையை மறந்தேன்.

நாலாவது கடையில், மாடிப்படிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி கிடந்தது. அலங்காரம் கிடையாது. முன்புறம் சல்லடை மாதிரி வலை; அதன் பின்னே, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி. முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று. உள்ளே 33 சென்டிமீட்டர் இடம். மதர்போர்டு 24.4 சென்டிமீட்டர் சதுரம், தாராளமாக உட்காரும். பக்கத் தகட்டைக் கழற்றி இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தாள்; வளையவில்லை. மூலையில் மட்டும் ஒரு சின்ன நசுங்கல்.

"ஏம்மா, பெட்டி வாங்குகிறாயா, பெண் பார்க்கிறாயா?" என்றார் பெரியவர். நசுங்கலுக்காக 150 ரூபாய் தள்ளி 2,350க்குக் கொடுத்தார். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாக, 550 வாட்டில், ஐந்து வருஷ கியாரண்டியோடு 3,600க்கு வாங்கினோம். மிச்சம் 50 ரூபாய். கரும்புச்சாறு குடித்தோம். (நான் 'ஆஹா!' சொன்னது அப்போதுதான்.)

இரவு ஒன்பது மணிக்கு மானிட்டரில் வெளிச்சம் வந்தது. அக்கா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மின்சாரம் வந்ததற்கோ, விசிறி சுழன்றதற்கோ ஒன்றும் சொல்லவில்லை. டேப்பை எடுத்துப் பெட்டியின் உயரத்தை அளந்தாள்.

"எதற்கம்மா?"

"தூசி படியாமல் பூப்போட்ட துணியில் ஓர் உறை தைத்துவிடுகிறேன்."

"ஐயோ அம்மா, மூச்சு முட்டிச் செத்துவிடும்!" என்று அலறினாள் பெண்.

அக்கா யோசித்தாள். பிறகு, "சரி, ராத்திரி நிறுத்தின பிறகு போட்டுக்கொள்" என்று சொல்லி, அகலத்தையும் அளந்துகொண்டு போனாள்.