பொள்ளாச்சிக் குப்பைக்கு ஃபாரின் கிராக்கி!

பொள்ளாச்சி என்றதும் சட்டென்று உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? இளநீர். பாதித் தமிழ்ப் படங்களில் சொம்பு சகிதம் பஞ்சாயத்து நடந்த ஆலமரம். செவ்வாய், வியாழனில் கூடுகிற மாட்டுச் சந்தை. 'குப்பை' என்று எந்தப் புண்ணியவானும் சொல்ல மாட்டார். ஆனால் சொல்ல வேண்டும் சார்! இந்த ஊர்க் குப்பை கப்பலேறி அமெரிக்கா, சீனா, நெதர்லாந்து, கொரியா என்று உலகம் சுற்றுகிறது. நமக்கோ பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வெரிஃபிகேஷனே இன்னும் முடிந்தபாடில்லை.

கோவை உக்கடத்தில் பஸ் ஏறினால் நாற்பது கிலோமீட்டர். கிணத்துக்கடவு தாண்டியதும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக வந்து, காலையில் பாடுபட்டு எடுத்த வகிடைக் கலைத்துவிடும். வெளியே தென்னை. அதற்கப்புறம் தென்னை. பொள்ளாச்சியில் இறங்கி ஆனைமலை பஸ்ஸுக்கு மாறினால், தோப்புகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டிக் குன்றுகள். 'அதற்குள் ஆனைமலை வந்துவிட்டதா?' என்று பையைத் தூக்காதீர்கள். அது தேங்காய் நார்க்கழிவு. ஊர் பாஷையில் 'பித்'.

பித்தைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னதும் நார் மில் முதலாளி ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தனை வெயில்ல மெனக்கெட்டு வந்திருக்கீங்களே, உங்களுக்குத்தானுங்க பித்து புடிச்சிருக்குது! மொதல்ல எளநி குடிங்க" என்றார். குடித்தோம். பிறகு சுற்றிக் காட்டினார்.

தேங்காய் மட்டையை மிஷினில் போட்டு அடித்தால் நார் ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம் வருகிறது. இதில் ஒரு தமாஷ். ஒரு டன் நார் எடுத்தால் கூடவே ஏறக்குறைய இரண்டு டன் தூள் வந்து நிற்கும். மாப்பிள்ளை ஒருத்தர், கூட வந்த கோஷ்டி இரண்டு பங்கு! நார், கயிறாகவும் மெத்தையாகவும் போய்விடும். தூள் எங்கே போகும்? லிக்னின் என்ற சமாச்சாரம் அதில் நிறைய இருப்பதால் லேசில் மக்காது. வெயில் காலத்தில் தீப்பிடித்தால் நாள் கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனலும். காற்றடித்தால் பக்கத்து வீட்டு ரசத்தில் விழும்.

"எங்கப்பாரு காலத்துல லாரிக்காரருக்குக் காசு குடுத்து, எங்காச்சும் கொட்டீட்டு வாப்பான்னு கெஞ்சுவோமுங்க. இப்ப லாரிக்காரர் நமக்குக் காசு குடுத்து எடுத்துட்டுப் போறாருங்க."

என்ன நடந்தது நடுவில்?

குளிர் நாடுகளில் கண்ணாடி வீடு கட்டி அதற்குள் தக்காளியும் குடமிளகாயும் வளர்க்கிறார்கள். அங்கே மண்ணே கிடையாது. வேர் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அதற்குச் சதுப்பு நிலத்தைத் தோண்டி 'பீட்' எடுத்தார்கள். அது சேர ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். தோண்டினாலோ, பூமிக்குள் அடங்கிக் கிடந்த கரி காற்றில் கலக்கிறது. பாறையை உருக்கிப் பஞ்சாக்கிய 'ராக்வூல்' என்று இன்னொன்று. வேலை முடிந்ததும் அதை எங்கே எறிவது என்று தலைவலி. இந்த நேரத்தில்தான் நம்ம பித் உள்ளே நுழைந்தது. தன் எடையைப் போல ஆறேழு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். வேருக்குக் காற்றும் விடும். உபயோகம் முடிந்தால் வயலில் கொட்டி உரமாக்கலாம்.

பித்தைக் கழுவி, சிமென்ட் களத்தில் காயவைத்து, சலித்து, மிஷினில் அமுக்கி ஐந்து கிலோ கட்டியாக்கி விடுகிறார்கள். ஒரு கட்டியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார் முதலாளி. அடேங்கப்பா! எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பி, எழுபது லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்டது.

துட்டு விஷயத்துக்கு வருவோம். 2020-21-ல் இந்தியா ஏற்றுமதி செய்த தென்னை நார்ப் பொருள்களின் மதிப்பு சுமார் 3,778 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய பாதி, ஒரு காலத்தில் காசு கொடுத்துக் கொட்டச் சொன்ன இந்தத் தூள்!

தேங்காயில் இது ஒரு பகுதிதான். கொஞ்சம் தள்ளி காங்கேயம் பக்கம் போனால் கொப்பரை களத்தில் காயும். ஆட்டினால் எண்ணெய் நமக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டின் சாணி மறுபடி தென்னைக்கு. கொட்டாங்குச்சியைச் சுட்டால் கரி. அந்தக் கரியை மேலும் பக்குவப்படுத்தினால் வாட்டர் ஃபில்டருக்கும் தங்கம் பிரித்தெடுக்கும் ஆலைக்கும் போகிற 'ஆக்டிவேட்டட் கார்பன்'. எறிவதற்கென்று எதுவும் இல்லை. இதைத்தான் இப்போது கோட்டு சூட்டு போட்டவர்கள் 'வட்டப் பொருளாதாரம்' என்று ஸ்லைடு போட்டு விளக்குகிறார்கள்.

ஆனால் இந்த வட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது.

முதலாளி சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்தார். பித் ஊறிய தண்ணீரில் விட்டால் எண் காட்டும். 'இ.சி.' என்று பெயர். உப்பு எவ்வளவு என்பதற்கு அதுதான் ஜாதகம். அரைக்கு மேல் போனால் பல வெளிநாட்டுப் பார்ட்டிகள் பெண் பார்க்கவே வரமாட்டார்கள். மட்டையில் இயற்கையாகவே பொட்டாசியம், சோடியம் உப்புகள் உண்டு. நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினால்தான் போகும். ஆக, வெளிநாட்டுக்காரன் காசு கொடுப்பது தூளுக்கு அல்ல, உப்பு இல்லாத தூளுக்கு.

சரி, கழுவிய உப்பு எங்கே போகிறது?

மில்லுக்கு அடுத்த தோட்டத்துக்காரரிடம் கேட்டோம். முதலாளிக்கு அவர் மாமன் முறை. பேசாமல் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். எட்டிப் பார்த்தால், தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

"என்ற தோப்பு மட்டையைத்தான் மாப்ளை மில்லுக்குப் போடறனுங்க. அதுல இருக்கற உப்பு என்ற கிணத்துக்கே வந்து சேர்ந்துருது. வட்டம் நல்லாத்தான் சுத்துதுங்க!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் இனிப்பு இல்லை. தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். அவர் ஊடே போட்ட தக்காளி தாங்கவில்லை.

2021-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த் தொழிலை 'வெள்ளை'ப் பிரிவிலிருந்து 'ஆரஞ்சு'க்கு மாற்றியது. தொழில்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயிரக்கணக்கான பேருக்கு அதில்தான் சோறு. மாமனுக்கும் கிணற்றில்தான் சோறு.

ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து 'சொந்தமா ஏதாவது பிசினஸ் பண்ணணும்டா' என்று டீ டயத்தில் சபதம் போடும் பிரம்மச்சாரிகளே, இங்கேதான் நீங்கள் காதைத் தீட்ட வேண்டும். பி.எஃப். பணத்தைத் துடைத்தெடுத்து நூற்றோராவது பித் மில் போடுவதில் பெரிய கெட்டிக்காரத்தனம் இல்லை. மழை பெய்தால் களம் காயாது, கப்பல் கூலி ஏறினால் லாபம் கரையும். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வாய்ப்பும் இருக்கிறது.

கழுவிய தண்ணீரைத் தரையில் விடாமல் தொட்டியில் பிடித்துத் தெளியவைத்து, முதல் அலசலுக்குத் திரும்ப உபயோகிக்கலாம். குறைந்த தண்ணீரில் உப்பெடுக்கும் வழி கண்டுபிடிக்கலாம். அந்த அழுக்குத் தண்ணீரில் கரைந்திருக்கும் பொட்டாசியம் யார் வீட்டுச் சொத்து? அதே சத்தைத்தான் விவசாயி கடையில் பொட்டாஷ் மூட்டையாக வாங்குகிறார். அந்த பொட்டாஷும் கப்பலில் வருகிறது! சோடியத்தை ஒதுக்கி இதைப் பிரித்துக் கொடுப்பவருக்கு முதலாளியும் மாமனும் சேர்ந்தே மாலை போடுவார்கள்.

இன்னொன்று. ஏற்றுமதிக்குத் தேறாத பித்தும் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதற்கு எப்போதோ வழி சொல்லிவிட்டது. ஒரு டன் பித்துக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரமாக வைத்தால், சுமார் இரண்டு மாதத்தில் கறுத்து உரமாகிவிடும். அது தோப்புக்கே திரும்பிப் போக வேண்டும். 2016-ல் இந்தப் பக்கம் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈயும், ஆனைமலை வட்டாரத்தை ஆட்டிவைத்த வேர்வாடல் நோயும் தோப்புக்காரர்களை நோகடித்திருக்கின்றன. மரத்திலிருந்து எடுத்ததையெல்லாம் கப்பலேற்றிவிட்டு மரத்துக்குப் பட்டை நாமம் சாத்தினால், நாளைக்கு மட்டை ஏது, பித் ஏது, டாலர் ஏது?

கிளம்பும்போது முதலாளி ஓரமாகக் கல்லும் மணலும் குவித்திருந்த இடத்தைக் காட்டினார். "தொட்டி கட்டப் போறனுங்க. கழுவற தண்ணி இனி ஒரு சொட்டு வெளியே போகாது. மாமன்கிட்ட சொல்லிருங்க."

சொன்னோம். மாமன் வேலியோரம் நின்று நிதானமாக வெற்றிலையைக் குதப்பிவிட்டு, "கட்டட்டுங்க. கிணறு தெளிஞ்சு தக்காளி காய்க்கட்டும். மொதக் கூடை மாப்ளை ஊட்டுக்குத்தான். அதுவரைக்கும் அவங்களும் கடையிலயே வாங்கிக்கட்டும்!" என்றார்.