நடந்து பெற்ற தளம்

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கென எமது தங்கையின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்து மூன்று வாரம் எம்மோடு தங்கியிருந்தான். பதினாறு வயதுப் பிள்ளை. பேச்செல்லாம் பேஸ்போல் என்னும் விளையாட்டைப் பற்றியதே. சிறு வயது முதல் கிரிக்கெட்டிலே ஊறிய எமக்கு அதில் அத்துணை மதிப்பு இருந்ததில்லை. ஒருநாள் மாலை முற்றத்து மாமரத்தின் கீழ் இருந்தபடி, அவ்விளையாட்டில் நல்ல துடுப்பாளன் யாவன் என வினவினோம். "அதிகம் அடிக்கிறவன்தானே?" என்று விடையையும் நாமே கூறினோம்.

"இல்லை மாமா, ஆட்டமிழக்காமல் இருக்கிறவன்" என்றான்.

பிறகு கடதாசியும் பேனையும் எடுத்து அவனே எமக்கு ஆசிரியனானான். பந்தெறிபவன் அடிக்கத் தகாத பந்துகள் நான்கை எறிந்துவிட்டால், அவற்றைத் தொடாது விட்ட துடுப்பாளன் முதலாந் தளத்துக்கு நடந்தே போகலாம். இதனை 'நடை' என்பர். ஆனால் நெடுங்காலமாக வீரர்களை மதிப்பிட்டு வந்த துடுப்புச் சராசரியிலே இந்த நடைக்கு இடமேயில்லை. இதற்கு எமது கிரிக்கெட்டும் ஒருவகையிற் காரணம் போலும். பேஸ்போலுக்குப் புள்ளி அட்டவணை வகுத்த ஹென்றி சட்விக் 1824இல் இங்கிலாந்திற் பிறந்தவர்; அமெரிக்கா சென்று முதலிற் கிரிக்கெட் செய்திகளை எழுதியவர். நடையை அவர் எறிபவனின் பிழையாகவே கருதினார். அகலப் பந்தின் ஓட்டத்தை நாம் உதிரிகளிற் சேர்ப்பதில்லையா?

மருமகன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். இருவர் தலைக்கு 600 முறை ஆடவருகின்றனர். முதல்வன் 30 முறை நடந்து, எஞ்சிய 570இல் 160 முறை அடித்துத் தளம் சேர்கிறான்; சராசரி .281. மற்றவன் 100 முறை நடந்து, எஞ்சிய 500இல் 130 முறை அடித்துச் சேர்கிறான், சராசரி.260. பழைய கணக்கின்படி முதல்வனே சிறந்தவன். ஆயினும் தளம் சேர்ந்த தடவைகளை எண்ணினால் முதல்வனுக்கு 190, மற்றவனுக்கு 230. ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்திற் கிடைக்கும் ஆட்டமிழப்புகள் 27 மட்டுமே. அத்தகைய ஆட்டமிழப்புகளில் நாற்பதை இரண்டாமவன் காத்துக் கொடுத்திருக்கிறான்!

இவ்வாறான கணக்குகளை ஊரறியச் செய்தவர் பில் ஜேம்ஸ். கன்சாஸ் மாநிலத்தில் அவரை அவித்து அடைக்கும் தொழிற்சாலையொன்றில் இராக்காவலராய் இருந்தவர். 1977இல் அவர் வெளியிட்ட முதற் சிறு நூல் எழுபத்தைந்து பிரதிகள் அளவே விற்றது. கால் நூற்றாண்டு கழிந்து, 2002இல், பொஸ்ரன் அணியே அவரைச் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டது.

அதே ஆண்டில் ஓக்லண்ட் அணி, யாங்கீஸ் அணி செலவிட்டதில் மூன்றிலொரு பங்களவு பணத்தை மாத்திரம் சம்பளத்துக்குச் செலவிட்டு, யாங்கீஸைப் போலவே 103 ஆட்டங்களை வென்றது. பிறர் கைவிட்ட, ஆனால் தளம் சேரத் தெரிந்த வீரரைத் தேடி எடுத்ததே அதன் வழி. ஸ்கொட் ஹற்றபேர்க் என்பவர் முழங்கையில் நரம்பு பழுதுற்றுப் பந்தெறிய இயலாதவரானார். ஆனாலும் பொறுமையோடு நின்று ஆட வல்லவர். செப்டெம்பர் 4ஆம் திகதி, 11க்குப் பூச்சியம் என முன்னின்ற ஓக்லண்ட் 11க்கு 11 எனத் தடுமாறியபோது, இறுதி அடியை அடித்துத் தொடர்ச்சியான இருபதாவது வெற்றியைத் தந்தவர் அவரே. முடிவுச் சுற்றில் அவ்வணி ஐந்து ஆட்டத் தொடரிலே தோற்றதென்பதும் உண்மை. 162 ஆட்டங்களிற் செல்லும் கணக்கு ஐந்து ஆட்டங்களிற் செல்லாது போகலாம்.

இக்கதையைச் சொல்லும் 'மணிபோல்' என்னும் நூல் 2003இல் வெளிவந்ததென மருமகன் சொன்னபோது எம் மனம் ஓரிடத்திற் போய் நின்றது. அவ்வாண்டிலேதான் பட்டதாரி ஆசிரியராய்ப் புதிதாகச் சேர்ந்த எம்மிடம் கல்லூரியின் இளைய கிரிக்கெட் அணி ஒப்படைக்கப்பட்டது. கணிதம் படித்தவரல்லவா! ஒவ்வொருவருடைய சராசரியையும் வகுத்துப் பார்த்தே பதினொருவரையும் தெரிந்தோம். பதினொன்றுக்குட் குறைந்த சராசரியுடைய தொடக்க ஆட்டக்காரன் ஒருவனை நீக்கினோம். அவன் அறிவித்தற் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, "சேர், நான் எத்தனை பந்து நிண்டனான் எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றான். நாம் பார்க்கவில்லை. எண் பொய் சொல்லாது என்று அவனுக்கு விளக்கம் வேறு கூறினோம்.

மருமகன் ஊர் திரும்பிய பின், கல்லூரி விளையாட்டறை அலுமாரியில் அவ்வாண்டுப் புள்ளிப் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். ஓரம் அரித்திருந்ததேயன்றி எழுத்துத் தெளிவாயிருந்தது. அவன் ஆடிய கடைசி ஆட்டத்திலே அவன் பெயருக்கு நேரே இருந்த புள்ளிகளைப் பென்சிலால் எண்ணினோம். ஓட்டங்கள் 12, எதிர்கொண்ட பந்துகள் 94. அவன் நின்ற நேரத்தில் மறுமுனையிற் சேர்ந்தவை 88.

அன்றிரவு தொலைபேசியில் மருமகனுக்கு இத்தொகைகளைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தான்.

"அவரை ஏன் மாமா விட்டனீங்கள்?" என்று கேட்டான்.